வாயிலில் தொடங்கிய பணி



நீண்ட காலக் காத்திருப்பின் பின்னர் வீட்டுப் பிள்ளையொன்றுக்கு வேலை கிடைக்கின்றது. நியமனக் கடிதம் வந்த அன்று குடும்பமாக முழந்தாளிட்டு நன்றிச் செபம் சொல்கின்றோம். கடிதத்தைத் தேவமாதாவின் சுரூபத்தின் பாதத்தில் வைத்து எடுக்கின்றோம். முதல் நாட் காலையில் தாய் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டு வழியனுப்பி வைக்கின்றாள். ஆனால் ஒரு வாரம் கழிவதற்குள் அந்த முகத்தின் மலர்ச்சி மங்கிவிடுகின்றது. படித்த படிப்பொன்று, கொடுக்கப்பட்ட வேலை வேறொன்று. பழைய ஊழியர்கள் மதிப்பதில்லை. கோப்புகளைச் சுமந்து திரிவதற்கும் பிறர் ஏவியதைச் செய்வதற்குமா இத்தனை ஆண்டுகள் படித்தேன் என்ற மனக்குறை இராச் சாப்பாட்டு வேளையில் வெளிப்படுகின்றது. ஆறுதல் சொல்லப் பெற்றோருக்கும் வார்த்தை கிடைப்பதில்லை.

இத்தகைய வேளையில் நினைவுகூரத் தக்க புனிதர் ஒருவர் உளர். அவர் தொடங்கிய வேலைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றில் அவரால் நிலைத்திருக்க முடியவில்லை. இறுதியாகக் கிடைத்த வேலையோ ஒரு பாடசாலையின் வாயிற்கதவைத் திறந்து மூடும் வேலை. அந்த வாயிலில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பணிசெய்த அந்த எளிய சகோதரரே புனித அந்திரே பெசெற்.

நிலைக்காத வேலைகள்

1845ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி, கனடா நாட்டின் கியூபெக் பகுதியில், மொன்றியல் நகருக்குத் தென்கிழக்கே உள்ள சென் கிரெகுவார் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அல்பிரெட். பிறந்த குழந்தை பிழைக்குமோ என்ற அச்சத்தினால் உடனடியாகவே ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. குழந்தை பிழைத்தது, ஆனால் உடல் நலிவு வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு அகலவில்லை. வயிற்று நோய் காரணமாக மற்றவர்கள் உண்பதை அவரால் உண்ண முடிவதில்லை.

தந்தையார் மரவேலை செய்து பெருங் குடும்பத்தைக் காத்தவர். 1855இல் மரம் தறிக்கையில் அம்மரமே அவர் மேல் சாய்ந்து உயிரைப் பறித்தது. தாயார் பிள்ளைகளை உறவினர் வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, நோயாளியான அல்பிரெட்டைத் தம்முடன் வைத்துக் கொண்டார். புனித சூசையப்பர் மீதான பக்தியையும் செபமாலையையும் மகனுக்குக் கற்றுக் கொடுத்தவர் அந்தத் தாயே. இரண்டு ஆண்டுகளில் அவரையும் காசநோய் கொண்டு சென்றது. பன்னிரண்டு வயதில் அல்பிரெட் அநாதையானான்.

சென் செசேர் என்னும் ஊரில் வாழ்ந்த சிறிய தாயாரும் அவரது கணவரும் அவனை ஏற்றுக் கொண்டனர். பாடசாலைக் கல்வி ஏறக்குறைய இல்லாத சிறுவன் ஏதேனும் தொழில் பழகத்தானே வேண்டும்? சப்பாத்துத் தைப்பவரிடம் சென்றான், வெதுப்பகத்தில் நின்றான், கொல்லன் பட்டறைக்கும் சென்றான், வயல் வேலையும் செய்து பார்த்தான். எங்கும் மனம் இருந்தது. உடல் இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிய வேலை, புதிய முதலாளி, புதிய நம்பிக்கை. பின்னர் மீண்டும் வீடு திரும்பும் ஏமாற்றம்.

1863 அளவில், பிழைப்புத் தேடிச் சென்ற பல கியூபெக் இளைஞரைப் போன்று அவரும் எல்லை கடந்து அமெரிக்காவுக்குச் சென்றார். நியூ இங்கிலாந்துப் பகுதியின் நெசவாலைகளில் இயந்திரங்களின் இரைச்சலுக்கும் பஞ்சுத் தூசிக்கும் நடுவே நீண்ட நேரம் உழைத்தார். அந்நிய மொழி பேசும் நாட்டில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1867இல் தாயகம் திரும்பியபோது அவரிடம் சேமிப்பும் இல்லை, கைத்தொழில் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆயினும் ஒன்று எஞ்சியிருந்தது. நாளின் உழைப்பு முடிந்ததும் ஆலயத்துக்குச் சென்று அமைதியாக முழந்தாளிடும் பழக்கத்தை அவர் எந்த ஊரிலும் எந்த வேலையிலும் கைவிடவில்லை.

மறுக்கப்பட்ட இடம்

இதனைக் கவனித்து வந்தவர் சென் செசேர் பங்குத்தந்தை அந்திரே புரொவான்சால் அடிகளார். இவ்விளைஞனின் அழைத்தல் துறவறம் என்பதை உணர்ந்த அவர், திருச்சிலுவைச் சபையினருக்குக் கடிதம் எழுதினார். தாம் ஒரு புனிதனை அவர்களிடம் அனுப்பி வைப்பதாக அக்கடிதத்தில் அவர் குறிப்பிட்டிருந்தார் என்பர். ஆனால் கடிதத்தோடு வந்து நின்றவரோ இருபத்தைந்து வயதான, உருவத்தில் சிறிய, நோயுற்ற இளைஞர். அச்சபையோ கல்விப் பணி புரியும் சபை. எழுதவும் வாசிக்கவும் நன்கறியாத ஒருவரால் அங்கே ஆகக்கூடியது என்ன?

எனினும் 1870ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நவதுறவியாக ஏற்கப்பட்டுத் துறவற உடையைப் பெற்றார். தமக்கு வழிகாட்டிய பங்குத்தந்தையின் பெயரையே தமது துறவறப் பெயராகக் கொண்டார். அதே டிசம்பர் 8ஆம் திகதி திருத்தந்தை 9ஆம் பத்திநாதர் புனித சூசையப்பரை அனைத்துலகத் திருச்சபையின் பாதுகாவலராகப் பிரகடனம் செய்திருந்தார். தச்சுத் தொழிலாளியான அப்புனிதரைத் தமது நண்பராகவே கருதி வந்த அந்திரேக்கு இது பெரும் மகிழ்ச்சியை அளித்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பயிற்சிக் காலம் முடிந்து முதல் வார்த்தைப்பாட்டுக்கான வேளை வந்தபோது, உடல் நலிவைக் காரணம் காட்டிச் சபை அவரை ஏற்கத் தயங்கியது. இன்றைய வழக்கில் சொல்வதானால், தகுதிகாண் காலத்தின் முடிவில் வேலை நிரந்தரமாக்கப்படவில்லை. முன்னர் விட்டு வந்த அத்தனை வேலைகளின் நினைவும் அன்று அவரது உள்ளத்தை அழுத்தியிருக்கும். இதுவும் இல்லையென்றால் போவதற்கு வேறிடம் இல்லை.

அவ்வேளையில் மொன்றியல் ஆயர் இக்னேஸ் பூர்ஜே ஆண்டகை கல்லூரிக்கு வருகை தந்தார். அந்திரே ஆயரின் முன் முழந்தாளிட்டுத் தமது மனத்தைத் திறந்தார். பதவி எதையும் அவர் கேட்கவில்லை. மிகவும் தாழ்ந்த வேலைகளைச் செய்து இறைவனுக்கும் சகோதரருக்கும் பணிபுரிய அனுமதி ஒன்றையே கேட்டார். முதிய ஆயர் அவருக்கு நம்பிக்கை அளித்தார். நவதுறவியரின் பயிற்றுநரும் அவருக்காகப் பரிந்து பேசினார். உழைக்க முடியாத நிலை வந்தாலும் இவ்விளைஞர் நன்றாகச் செபிக்கவேனும் செய்வார் என்பது அவரது கருத்தாக இருந்தது. 1872 ஆகஸ்ட் 22இல் அந்திரே முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1874 பெப்ரவரி 2ஆம் திகதி நித்திய வார்த்தைப்பாட்டையும் அளித்தார்.

கதவடியில் ஒரு சிற்றறை

அவருக்கு ஒப்படைக்கப்பட்ட பணி, மொன்றியல் கோத் தெ நேஜ் பகுதியில் உள்ள நொத்ர டாம் கல்லூரியின் வாயிற்காப்பாளர் பணி. கதவடியில் ஒரு சிறிய அறை. மணி அடித்தால் எழுந்து சென்று கதவைத் திறக்க வேண்டும். வந்தவர் யாரைத் தேடுகிறார் என்று கேட்டு, அவரை அழைத்து வர வேண்டும். அத்துடன் பணி முடியவில்லை. தபால் எடுத்து வருதல், மாணவரின் உடைகளைச் சலவைக்குக் கொண்டு செல்லல், விளக்குகளைப் பராமரித்தல், நிலம் துடைத்தல், முடி வெட்டுதல், சிற்றாலயத்தை ஒழுங்கு செய்தல் என எவருடைய பொறுப்பிலும் அடங்காத வேலைகள் யாவும் அவருடையவையாயின.

ஒருவரை வெளியேற்றுவதையும் ஒருவரை வாயிலில் வைப்பதையும் அவரது தாய்மொழியான பிரெஞ்சில் ஒரே சொற்றொடரால் குறிக்கலாம். அதனைக் கொண்டு முதுமையில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தாம் சபையில் சேர்ந்ததும் மேலதிகாரிகள் தம்மை வாயிலுக்கு அனுப்பிவிட்டனர் என்றும், தாமோ வெளியே போகாமல் நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டதாகவும் கூறிச் சிரிப்பார். கசப்பு இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திராது.

புதிய வேலையைத் தொடங்கும் ஒருவர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கலாம். வந்த நாளிலேயே தம் திறமையைக் காட்டி இடம்பிடிக்க வேண்டுமென்ற அவசரம் நம்மிடம் உண்டு. அந்திரேக்குக் காட்டுவதற்குத் திறமை எதுவும் இருக்கவில்லை. ஆகவே கொடுக்கப்பட்ட வேலையை முழுமையாகச் செய்வதிலேயே அவர் கருத்தூன்றினார். பகலில் மணியோசைக்கு ஓடி ஓடிச் சென்றவர், இரவில் அனைவரும் உறங்கிய பின்னர் முழந்தாளில் நின்று கூடத்தின் தரையைத் துடைத்து மினுக்கினார். அதன்பின் சிற்றாலயத்தில் நெடுநேரம் செபித்தார். மறுநாட் காலையில் அத்தரையில் நடந்தவர்களுள் அதைத் துடைத்தவரை நினைத்தவர் எத்தனை பேரோ! அவர் அதனை எதிர்பார்க்கவும் இல்லை.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் அவர் வெட்கப்படவில்லை. கற்றவர் நிறைந்த அந்த இல்லத்தில் எழுத்தறிவு குறைந்தவராக நுழைந்தவர், உடனிருந்தவர்களின் உதவியோடு மெதுவாக வாசிக்கப் பழகினார். பின்னர் ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை நற்செய்தியில் வாசித்து வாசித்து மனனம் செய்தார். அதனை அவர் எடுத்துச் சொல்லும்போது கேட்டவர்கள் கண்கலங்கினர். புதிய இடத்தில் பலருக்கும் இடறலாக அமைவது அறியாமை அன்று. அறியாமையை மறைக்க எடுக்கும் முயற்சியே.

கதவைத் தட்டியவர்கள்

வாயிற்காப்பாளரிடம் வருவோர் பலவிதம். மகனைப் பார்க்க வரும் செல்வந்தர், பால் கொண்டு வருபவர், பசியோடு வரும் ஏழை, நோயாளிப் பிள்ளையின் நினைவால் வருந்தும் தாய். கதவைத் திறப்பவர் அனைவரையும் ஒரே கண்ணோடு பார்ப்பது எளிதன்று. சகோதரர் அந்திரே வந்தவரின் முகத்தைப் பார்த்தார். துயரம் இருந்தால் விசாரித்தார். புனித சூசையப்பரை நோக்கிச் செபிக்கும்படி சொன்னார். அப்புனிதரின் சுரூபத்தின் முன் எரியும் விளக்கிலிருந்து சிறிது எண்ணெய் எடுத்துக் கொடுத்து, நம்பிக்கையோடு பூசும்படி கூறினார். நலமடைந்தோர் வந்து நன்றி கூறினர். செய்தி பரவியது. நோயாளர் கூட்டம் கல்லூரி வாயிலில் பெருகியது.

அப்பொழுதுதான் சோதனை வந்தது. பிள்ளைகளுக்கு நோய் தொற்றிவிடும் எனப் பெற்றோர் முறையிட்டனர். கல்லூரி மருத்துவரும் எதிர்த்தார். உடன் வாழ்ந்தோர் சிலருக்கும் இது பிடிக்கவில்லை. எழுத்தறியாத வாயிற்காப்பாளர் ஒருவர் மக்களை மயக்குகிறார் என்ற பேச்சு எழுந்தது. அந்திரே எவரோடும் வாதாடவில்லை. தமக்கு ஆதரவானோரைச் சேர்த்துக் கட்சி அமைக்கவும் இல்லை. நோயாளரைக் கல்லூரிக்கு வெளியே, வீதிக்கு அப்பாலுள்ள டிராம் வண்டித் தரிப்பிடத்தில் சந்திக்கும்படி மேலதிகாரிகள் பணித்தனர். அவர் அவ்வாறே செய்தார்.

இவ்விடயம் மொன்றியல் பேராயர் வரை சென்றது. இப்பணியை நிறுத்தும்படி கட்டளையிட்டால் அச்சகோதரர் கீழ்ப்படிவாரா என்று பேராயர் வினவினாராம். மறுபேச்சின்றிக் கீழ்ப்படிவார் என்று மேலதிகாரி பதிலளித்தாராம். அப்படியாயின் அவரை அவர் போக்கில் விட்டுவிடலாம். இறைவனுடைய செயலாயின் நிலைக்கும், இல்லையாயின் தானாகவே அழியும் என்று பேராயர் தீர்ப்பளித்ததாகக் கூறப்படுகின்றது. கீழ்ப்படிதலே அவருடைய பணியைக் காத்தது.

நலமடைந்தவர்கள் அவரைப் புகழும்போது மட்டும் அவர் கடுமையாகச் சினந்து கொள்வார். குணமாக்குபவர் இறைவன், பரிந்து பேசுபவர் புனித சூசையப்பர், தாம் அப்புனிதரின் ஒரு சிறு நாய்க்குட்டி மாத்திரமே என்பதே அவரது நிலைப்பாடு. முதுமையில் நாள் முழுவதும் நோயாளரைச் சந்தித்துக் களைத்துப் போகும்போது சிலரிடம் அவரது சொல் சூடாக விழுந்ததும் உண்டு. பின்னர் அதற்காக அவர் மனம் வருந்திக் கண்ணீர் விட்டார். புனிதர்களும் களைப்புக்கும் கோபத்துக்கும் அப்பாற்பட்டவர்கள் அல்லர். தவறியதை உணர்ந்து திரும்புவதே அவர்களை வேறுபடுத்துகின்றது. புதிய இடத்தில் ஒருவரிடம் சினந்து பேசிவிட்டால், மறுநாள் முதல் வேலையாக அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்பதில் இழிவு ஏதும் இல்லை.

மலைமேல் ஒரு சிற்றாலயம்

கல்லூரிக்கு எதிரே மவுண்ட் ரோயல் என்னும் மலை. அதன் சரிவில் புனித சூசையப்பருக்கு ஓர் ஆலயம் எழ வேண்டுமென்பது சகோதரரின் நெடுநாளைய ஆசை. 1896இல் சபையினர் அந்நிலத்தை வாங்கினர். ஆலயத்துக்குப் பணம் எங்கே? மாணவருக்கு முடி வெட்டும்போது கிடைத்த ஐந்து சத நாணயங்களை மேலதிகாரிகளின் அனுமதியோடு அவர் சேர்த்து வந்தார். கடன் படாமல், கையிலுள்ள பணத்தைக் கொண்டே கட்ட வேண்டும் என்பது விதிக்கப்பட்ட நிபந்தனை. 1904ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறியதொரு மரச் சிற்றாலயம் எழுந்தது. நீளம் பதினெட்டு அடி, அகலம் பதினைந்து அடி. உள்ளே சிலருக்கே இடமிருந்ததால், கதவுகளை அகலத் திறந்து வைத்து மக்கள் வெளியில் நின்று திருப்பலி கண்டனர்.

1909இல் வாயிற்காப்பாளர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு அச்சிற்றாலயத்தின் பராமரிப்பாளராக அவர் நியமிக்கப்பட்டபோது வயது அறுபத்து மூன்றைக் கடந்திருந்தது. ஏனையோர் ஓய்வை நாடும் வயதில் அவருக்கு மீண்டும் ஒரு புதிய பணி! 1917இல் ஏறக்குறைய ஆயிரம் பேர் அமரக்கூடிய நிலவறை ஆலயம் திறக்கப்பட்டது. 1924இல் அதன் மேல் பெரிய பேராலயத்தின் வேலை தொடங்கியது. பொருளாதார வீழ்ச்சியினால் 1931இல் கட்டுமானம் நின்றுபோனது. கூரையற்ற சுவர்களுக்குள் புனித சூசையப்பரின் சுரூபத்தைக் கொண்டுபோய் வைக்கும்படியும், தமக்குக் கூரை வேண்டுமானால் அவரே அதனைத் தேடிக்கொள்வார் என்றும் 1936இல் சகோதரர் சொன்னார். சுரூபம் அவ்வாறே வைக்கப்பட்டது; அடுத்த ஆண்டில் வேலைகள் மீண்டும் ஆரம்பமாயின.

ஆனால் அதனைக் காண அவர் இருக்கவில்லை. 1937 ஜனவரி 6ஆம் திகதி, தமது தொண்ணூற்றொராவது வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். கடுங் குளிரையும் பொருட்படுத்தாது, பத்து இலட்சம் பேர் அவரது உடலைக் கடந்து சென்று அஞ்சலி செலுத்தினர் என மதிப்பிடப்பட்டது. திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1982 மே 23இல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பர் 2010 ஒக்டோபர் 17இல் புனிதராகவும் உயர்த்தினர்.

நமது வாயில்கள்

1983ஆம் ஆண்டின் பின்னர் இம்மண்ணிலிருந்து புலம்பெயர்ந்த நம் உறவுகள் பலர் குடியேறிய நகரங்களுள் மொன்றியலும் ஒன்று. இங்கே ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் அங்கே உணவகங்களில் கோப்பை கழுவியும், தொழிற்சாலைகளில் நிலம் கூட்டியும் தமது வாழ்வைப் புதிதாகத் தொடங்கினர். அவ்வுழைப்பினால் இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. எத்தனையோ சகோதரிகளின் திருமணம் நிறைவேறியது. அவர்கள் வாழும் அந்நகரின் மலைமேல்தான் அந்த வாயிற்காப்பாளரின் பேராலயம் நிற்கின்றது. வாயிலை நோக்கிச் செல்லும் 283 படிகளுள் 99 மரப்படிகள் முழந்தாளில் ஏறுவோருக்கென ஒதுக்கப்பட்டுள்ளன.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை புதிய வேலையில் சோர்ந்து வீடு திரும்பும்போது, அந்த வேலை அவனது தகுதிக்குக் குறைந்தது என்று சொல்லி அவனது மனக்குறையை வளர்க்காதீர்கள். அநீதி இழைக்கப்பட்டால் உரியவர்களிடம் முறையாக எடுத்துரைக்க வேண்டியதுதான். அந்திரேயும் ஆயரின் முன் மௌனமாக இருக்கவில்லை, தமது வேண்டுதலை மனந்திறந்து வைத்தார். ஆயினும் சிறிய வேலை என்பதாலேயே ஒரு வேலை இழிவாகிவிடுவதில்லை. சிறியவற்றில் உண்மையாய் இருந்த ஊழியனையே தலைவர் பெரியவற்றுக்குப் பொறுப்பாளன் ஆக்கினார் என்று தாலந்துகளின் உவமையில் ஆண்டவர் கற்பித்தார்.

புதிதாய்ப் பணியேற்கும் இளைஞரே, இளம் பெண்களே, உங்களுக்கு ஒதுக்கப்பட்ட மேசை எங்கே இருக்கின்றது என்பதைவிட, அதனைத் தேடி வருபவர் எவ்விதம் திரும்பிச் செல்கின்றார் என்பதே முக்கியமானது. காலையில் வாயிற்காவலரின் பெயரைக் கேட்டு அறிந்து வணக்கம் சொல்லுங்கள். தெரியாததைக் கேளுங்கள். ஒருவரும் காணாத வேலையையும் முடித்து வையுங்கள். புகழ் வந்தால் உடன் உழைத்தோருக்கும் பகிர்ந்து கொடுங்கள். நாளின் இறுதியில் சில நிமிடங்களேனும் ஆண்டவரின் முன் அமர்ந்து அன்றைய நாளை அவரிடம் ஒப்படையுங்கள்.

உழைப்பாளராகிய புனித சூசையப்பரே, எமது பிள்ளைகளின் கைகளின் வேலையை உமது பாதுகாவலில் ஏற்றருளும். புனித அந்திரேயைப் போன்று, எமக்குக் கொடுக்கப்பட்ட வாயிலில் மகிழ்ச்சியோடு நின்று பணிபுரிய எமக்காக இறைவனை மன்றாடும். ஆமென்.